புதன் என்று அச்சான செவ்வாய்

அண்ணை இறந்த திகதியை நான் இங்கே எழுதப் போவதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எப்போது ஞானஸ்நானம் நடந்தது, யார் எந்த நாளில் மொன்றியலில் வந்து இறங்கினார்கள், அன்று பனி கொட்டியதா என்பதெல்லாம் என் கொப்பிகளில் இருக்கின்றன. குடிவரவு விண்ணப்பம் நிரப்புகிற சொந்தக்காரர் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். "அவளைக் கேளுங்கோ, அவள் பிழை விடமாட்டாள்" என்று அண்ணை எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே கிழமையை மட்டும் சொல்கிறேன். அவர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதைப் புதன்கிழமை என்று அச்சுக்குக் கொடுத்தவள் நான்.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் கோப்புகளைச் சரிபார்ப்பது வேலை. விபத்து நடந்த நாள், அறிவித்த நாள், மருத்துவர் பார்த்த நாள் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எங்களை யாரும் அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. மொன்றியல் நேரத்துக்கு இணைப்பில் இருந்தால் ஆறு மாதம்வரை வேறு நாட்டிலிருந்தும் வேலை செய்யலாம் என்று ஒரு விதி வந்தது. முதலில் விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்தி.

பிரான்சின் மேற்கே இருக்கும் நாந்த் நகரத்தை நான் தேர்ந்தெடுத்த காரணத்தை யாருக்கும் சொன்னதில்லை. பாரிஸ் என்றால் இரண்டு ஒன்றுவிட்ட அக்காமாரும் ஒரு சித்தப்பாவும் இருக்கிறார்கள். நாந்த்தில் ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்த மொழி, என்னைத் தெரியாத ஊர். ஐம்பத்தொரு வயதில் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

செப்டம்பரில் போனேன். முதல் நாள் தெருவில் ஒருவரை மறித்து, பக்கத்தில் தெப்பனர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பாலும் பாணும் வாங்க வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கார் எங்கே நின்றுபோய்விட்டது, மடம்?" என்று கேட்டார். கியூபெக்கில் மூலைக்கடைக்குச் சொல்லும் பெயர் அங்கே பழுதான வாகனத்தை இழுக்க வருகிறவருக்கு உரியது. அன்று மாலை அண்ணைக்குப் போனில் சொன்னேன். இருபத்தாறு வருடம் துறைமுகத்திலிருந்து லொறியில் கொள்கலன் பெட்டி இழுத்தவர் அவர். "அப்ப நான்தான் அங்கை வந்து தெப்பனர் வேலை செய்யவேணும். உனக்குப் பால் வேணுமோ, கார் இழுக்கவேணுமோ எண்டு கேட்டுக் கேட்டு" என்று சிரித்தார்.

அங்கே என் வேலை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும். அதனால் காலைகள் முழுவதும் எனக்கே சொந்தம். ஆற்றங்கரையோரம் நடப்பேன். ஒரு மணி நேரத்தில் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். சந்தையில் கீரை விற்கும் பெண் என்னைக் "கனடாக்காரி" என்று கூப்பிடுவாள். மொன்றியலில் முப்பது வருடம் இருந்தும் என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நூலகத்தில் ஒரு சன்னலோர மேசை. தூறல் மழை. ஒரு கொப்பி. அந்தக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டுப் பிரித்திருந்தேன். இடப்பக்கம் நாந்த் நேரம், வலப்பக்கம் மொன்றியல் நேரம். எனக்கு நடந்தது இடப்பக்கத்தில், வீட்டாருக்கு நடந்தது வலப்பக்கத்தில். அந்த மாதங்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை விளங்கா.

ஒக்டோபர் முடிவில் அண்ணைக்கு வருத்தம் என்று தெரிந்தது. ஈரலில் நோய். நான் திரும்பி வரவா என்று கேட்டேன். கேட்ட குரலிலேயே வர மனமில்லை என்பது இருந்திருக்கும். அவருக்கு என் குரல் தெரியும்.

"வந்து? நீ என்ன டொக்டரோ? அங்கை நில்லு. எனக்கும் லாபம். நீ ஆறு மணித்தியாலம் முன்னுக்கு நிக்கிறாய். எனக்கு நாளைக்கு என்ன நடக்கப்போகுது எண்டு பாத்துச் சொல்லு."

மச்சாள், அண்ணையின் மனைவி, நவம்பரில் அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்தார். பதின்மூன்று கிழமை, அந்தோனியாருக்குரிய நாளான ஒவ்வொரு செவ்வாயும் கோயிலுக்குப் போய்ச் செபித்து ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். அவர் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். வேலை முடிந்து, அவர்கள் வீடு இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து பஸ் பிடித்து, கோயிலுக்குப் போய், பிறகு அண்ணை இருந்த ஆஸ்பத்திரிக்குப் போவார். "இண்டைக்கு நாலாவது", "இண்டைக்கு ஏழாவது" என்று எனக்குச் சொல்லுவார். நான் "நல்லது மச்சாள்" என்பேன். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அந்தச் செவ்வாய்களை எண்ணவில்லை. அதில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில் என் தவணை முடிய ஒரு மாதம் இருந்தது. ஜூன்வரை நீட்டிக் கேட்டேன். கிடைத்தது. குடும்ப நிலைமை காரணமாக விரைவில் திரும்ப வேண்டியிருக்கலாமா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று அடையாளமிட்டேன். மச்சாளிடம், வேலையிடத்தில் விடுகிறார்கள் இல்லை என்று சொன்னேன்.

பெப்ரவரியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எழுந்து போனைப் பார்த்தேன். இரவில் அதன் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் படுப்பேன். குடும்பக் குழுவில் மருமகள், அண்ணையின் ஒரே மகள், எழுதியிருந்தாள்: "அப்பா போயிட்டார்." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செய்திக்குக் கீழே நேரம் 4.52. அதன் பிறகு என்னை ஆறு தரம் கூப்பிட்டிருந்தார்கள்.

கொப்பியை எடுத்தேன். அது என் பழக்கம். கை தானாகவே போகும். இடப்பக்கத்தில் "புதன், காலை 4.52, செய்தி" என்று எழுதினேன். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். அந்த ஐந்து மாதத்தில் வெறுமையாக விட்ட ஒரே வலப்பக்கம் அதுதான். மொன்றியலில் அது செவ்வாய் இரவு பத்து ஐம்பத்திரண்டு. ஆறைக் கழிக்க எனக்கு ஒரு நொடி போதும். அன்று கழிக்கவில்லை.

அடக்கம் சனிக்கிழமை என்றார்கள். விமானங்களைப் பார்த்தேன். வியாழன் காலை பாரிஸ் வழியாக ஓர் இடம் இருந்தது. அதை இரண்டு தரம் திறந்து பார்த்தேன். அதற்கிடையில் மச்சாள் போனில் பேசினார்.

"நீர் இப்ப அந்தரப்பட்டு வரவேண்டாம். முப்பத்தொண்டுக்கு வாரும். கல்வெட்டு வேலையைப் பாரும். அது உம்மாலைதான் ஏலும். அவர் அதைத்தான் விரும்பியிருப்பார்."

அவர் எனக்கு இரங்கிச் சொன்ன வார்த்தை அது. நான் அதை ஓர் அனுமதிச் சீட்டுப்போலப் பிடித்துக்கொண்டேன். அடக்கப் பூசையை மடிக்கணினியில் பார்த்தேன். கமரா பீடத்தைப் பார்த்து நின்றது. பெட்டியின் ஒரு மூலைதான் தெரிந்தது. நடுவில் ஒருமுறை படம் நின்றுபோய், திரும்பி வந்தபோது சனம் எழுந்து நின்றது.

வெளியூர் வாசகர்களுக்குக் கல்வெட்டு என்பதைச் சொல்ல வேண்டும். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். இறந்தவரின் படம், பிறப்பு, இறப்பு, வாழ்க்கைச் சுருக்கம், செபங்கள், நன்றி. கடதாசியில் அடித்தாலும் பெயரென்னவோ கல்லுக்குரியதுதான். அதில் வந்தது பிறகு மாறாது என்று சனம் நம்பும்.

மூன்று கிழமை காலைகளில் அந்த நூலக மேசையில் இருந்து அதைச் செய்தேன். அண்ணை ஊரில் படித்த பள்ளிக்கூடம், கொழும்பிலிருந்து வெளிக்கிட்டது, முதல் குளிர்காலம், முதல் லொறி. நன்றாக வந்தது என்று எனக்கே பட்டது. ஓரிடத்தில் நான் சிரித்துக்கூட இருக்கிறேன். இறந்த நாளுக்கு வந்தபோது கொப்பியைப் புரட்டினேன். வலப்பக்கம் வெறுமை. இடப்பக்கத்தில் இருந்ததை எழுதினேன்: புதன்கிழமை, அதற்குரிய திகதியோடு. மரண அறிவித்தல் பிரெஞ்சில் இணையத்தில் இருந்தது. அதில் சரியான நாள் இருந்தது. நான் பார்க்கவில்லை. என் கொப்பி இருக்கும்போது வேறெதையும் ஏன் பார்க்க வேண்டும்?

மருமகள் அதைப் புத்தகமாக அடுக்கினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மச்சாளுக்கு அனுப்பினேன், ஒருக்கால் பாருங்கோ என்று. "படத்தைப் பாத்தன், வடிவாக் கிடக்கு. திகதியள் நீர் போட்டது, நான் என்னத்தைப் பாக்கிறது?" என்றார்.

முப்பத்தோராம் நாளைச் சனத்தின் வசதிக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்தியிருந்தார்கள். ஆகவே நாளை எண்ணிப் பார்க்கவும் ஒருவருக்கும் தேவை வரவில்லை. நான் வெள்ளி இரவு வந்து சேர்ந்தேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. இருநூறு கல்வெட்டு. வாசலில் நின்று நானே கொடுத்தேன். "நீர் செய்ததோ? அதுதானே பாத்தன்" என்று கையைப் பிடித்தார்கள்.

மண்டபத்தில் அன்று எல்லோரும் ஒரு கதையைத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது புதிது. அண்ணை இறந்தது மச்சாளின் பதின்மூன்றாவது செவ்வாயிலாம். நேர்த்தி முடிந்து, திரி கொளுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது போனாராம். "கேட்டது கிடைக்கேல்லை. ஆனா அந்தோனியார் தன்ரை நாளிலை தானே வந்து கூட்டிக்கொண்டு போயிட்டார்" என்று மச்சாள் ஒரு மாதமாக ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் எழுந்து நடமாடியிருக்கிறார்.

மச்சாளின் மேசையில் இருந்த ஓர் அக்கா, கோயிலில் பூ வைக்கிறவர், கண்ணாடியைப் போட்டுக் கல்வெட்டை விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடி பிள்ளை, செவ்வாய் செவ்வாய் எண்டு சொன்னாய். இதிலை புதன் எண்டெல்லோ கிடக்கு?"

"செவ்வாய்தான் அக்கா."

"அச்சிலை புதன். இஞ்சை பார்."

பக்கத்து மேசையிலும் இரண்டு பேர் புரட்டினார்கள். யாரோ ஒருவர், "ஆஸ்பத்திரியிலை நிண்டா நாள் கிழமை ஆருக்குத் தெரியும்" என்று ஆறுதலாகச் சொன்னார். மச்சாள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீர் பிழை விடமாட்டீர். எனக்குத்தான்... நேர்ஸ் வந்தது பதினொண்டுக்கு முதல் எண்டு நினைச்சன். பன்னிரண்டு தாண்டிட்டுதோ? ஆஸ்பத்திரிக் கடுதாசியிலை அப்பிடியோ இருந்தது?"

அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு ஐம்பத்திரண்டில் ஆறைக் கழித்தேன். முப்பத்திரண்டு நாள் பிந்திக் கழித்தேன். சுற்றிவர முகங்கள். அந்த வாசலில் என் கையைப் பிடித்தவர்களின் முகங்கள்.

"கடுதாசியளைப் பாத்துச் சொல்லுறன் மச்சாள்," என்றேன்.

அடுத்த வியாழன் நாந்த்துக்குத் திரும்பிப் போனேன். சொல்லாமல் போனேன்.

அந்த மூன்று மாதத்தில் எத்தனை தரம் சொல்ல நினைத்தேன் என்று எழுதினால் அது எனக்கு நானே தரும் நற்சான்றாகிவிடும். ஏப்ரலில் மருமகள் பேசினாள். "அம்மா இப்ப மார்டி கோயிலுக்குப் போறேல்ல மாமி. கேட்டா, அந்தோனியார் தன்ர நாள் முடியும்வரை வெயிட் பண்ணிட்டு, அடுத்த நாள் அப்பாவை விட்டிட்டார் எண்டு சொல்லுறா. மார்டிக்கும் மெர்க்ரெடிக்கும் என்ன டிஃபரன்ஸ், எனக்கு விளங்கேல்ல." எனக்கு விளங்கியது. மார்டியான செவ்வாய் என்றால், அந்தோனியார் வந்து கூட்டிப் போனவர். மெர்க்ரெடியான புதன் என்றால், கைவிட்டவர். சரி, அம்மாவோடு கதைக்கிறேன் என்றேன். அன்றும் கதைக்கவில்லை. காலையில் ஆற்றங்கரைக்கு நடக்கப் போனேன். அங்கே மரங்கள் தளிர்த்திருந்தன. எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூனில் திரும்பி வந்தேன். வந்த மூன்றாம் நாள் ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். மச்சாள் கட்டிலில் துவாய்களைக் குவித்துவைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், கல்வெட்டிலை கிழமை பிழை. செவ்வாய்தான். நீங்கள் சொன்னதுதான் சரி. நான் அங்கத்தை நேரத்தைப் பாத்துப் போட்டிட்டன்."

அவர் மடித்துக்கொண்டிருந்த துவாயை மடித்து முடித்தார்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"மண்டபத்திலை. நீங்கள் கேக்கேக்கையே."

"மூண்டு மாசம்."

"ஓம்."

"எனக்கு மறதி வருத்தம் துவங்கிட்டுது எண்டு நினைச்சன். தெரியுமே உமக்கு? அவர் போன நேரமே எனக்குத் தெரியேல்லை எண்டா, வேறை என்னத்தை நான் சரியாப் பாத்தன் எண்டு. அவர் கடைசியாக் கதைச்சது கூட உண்மையோ, நான் நினைச்சதோ எண்டு. டொக்டரிட்டைப் பேர் குடுத்திருக்கிறன். வாற மாசம் சோதினை."

நான் அழத் தொடங்கினேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"இப்ப அழாதையும். பிழை விட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. உமக்கு அது விடியப்புறம். அது விளங்குது. ஆனா அண்டைக்கு நான் உம்மட முகத்தைப் பாத்துக் கேட்டனான்."

அடுக்களைக்குப் போய் ஒரு தாளோடு வந்தார். கல்வெட்டு யார் யாருக்குக் கொடுத்தது என்று மருமகள் வைத்திருந்த பட்டியல்.

"பேனை ஒண்டு வாங்கும், அழியாத மை. போன் எடுத்துச் சொல்லப்படாது. வீடு வீடாப் போய், அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை வெட்டி எழுதும். ஏன் பிழை வந்தது எண்டும் சொல்லும்."

தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

அந்தக் கோடை முழுவதும் வார இறுதிகளில் அதைத்தான் செய்தேன். பட்டியலில் நூற்றுப்பன்னிரண்டு வீடுகள். சிலர் கல்வெட்டைத் தேடி எடுக்கவே அரைமணி நேரம் சென்றது. ஒருவர் அதைத் தொலைக்காட்சிக்குக் கீழே முண்டு கொடுத்திருந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு எடுத்துத் தந்தார். அண்ணையோடு லொறி ஓடிய கிழவர் ஒருவர், "ஏன் பிள்ளை, புதனெண்டா மோட்சத்திலை கேட்டைப் பூட்டிப்போடுவினமோ? விடு" என்று சிரித்தார். விட முடியாது ஐயா என்று சொல்லி, வெட்டி எழுதினேன். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் மன்னாருக்கும் போன பிரதிகளுக்கு நான் எங்கே போவது? அவை அப்படியே இருக்கும். அந்த வீடுகளில் அண்ணை என்றைக்கும் புதன்கிழமை இறந்தவர்தான்.

முதல் சில வீடுகளில் நேர வித்தியாசத்தைப் பற்றி விளக்கினேன். இங்கே இரவு பத்து, அங்கே விடியற்காலை நாலு, போன் அங்கத்தை நேரத்தைக் காட்டும் என்று. கேட்கிறவர்கள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்ப நீர் அடக்கத்துக்கும் வரேல்லையோ?" அடக்கத்தன்று சனத்துக்குள் நானும் எங்கேயோ நின்றிருப்பேன் என்று பலர் நினைத்திருந்தார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன்.

பூ வைக்கிற அக்காவின் வீட்டைத் தள்ளித் தள்ளி வைத்து, ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை போனேன். கோட்-டெ-நெய்ஜில்தான், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடி. அவர் கல்வெட்டைச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். உடனே எடுத்துத் தந்தார்.

"அப்ப அவள் சொன்னதுதான் சரியோ?"

"ஓம் அக்கா. செவ்வாய்தான்."

"நான் எல்லோ சனத்துக்கு முன்னாலை அவளைக் கேட்டனான். நீர் பக்கத்திலை நிண்டனீர்."

"ஓம்."

"ஒண்டும் சொல்லேல்லையே நீர்."

"சொல்லேல்லை."

"அவர் சாகேக்கை எங்கை நிண்டனீர்?"

"நான் இங்கை இருக்கேல்லை அக்கா. வந்திருக்கலாம். வரேல்லை."

அவர் பேனையைத் திறக்கச் சொல்லிக் கையால் காட்டினார். புதன் என்பதை வெட்டி மேலே செவ்வாய் என்று எழுதினேன். திகதியையும் மாற்றினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, போனை எடுத்து மச்சாளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை உன்ரை மச்சாள் வந்து நிக்கிறா... ஓம், எழுதிப்போட்டா... நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கப்படாது. நீ சொன்னதுதான் சரி. நாளைக்குப் பூசையிலை எல்லாருக்கும் நானே சொல்லுறன்..."

பிறகு அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"எத்தினை வீடு கிடக்கு இன்னும்?" என்றார் மச்சாள்.

"முப்பத்தொன்பது."

"அப்ப அங்கை நிண்டு கதைச்சுக்கொண்டிருக்காமல் போம்."